மேனேஜர் என்ற பட்டமும் 12200 என்ற எண்ணும்: ஒரு கனடா விண்ணப்பத்தின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு எதற்காக

கனடாவில் உரிமம் பெற்ற ஒரு குடிவரவு ஆலோசகரின் அலுவலகத்தில் கோப்பு தயாரிக்கும் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் மறுபடி மறுபடி தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. பார்த்த வேலைக்கு எந்தத் தொழில் எண்ணைப் போடுவது என்பதுதான் அது. ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி, பட்டங்களை மதிப்பீட்டுக்கு அனுப்பி, காசும் காலமும் செலவழித்து வருகிறவர்கள் இந்த ஐந்து இலக்க எண்ணில் கோட்டை விடுகிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

கீழே வருவது, திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு பார்த்த ஒரு பெண்ணின் கோப்பு. 2023 ஜனவரியில் எங்களிடம் வந்தது, 2024 தொடக்கத்தில் முடிந்தது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்கள் இதில் இல்லை. மதிப்பெண்களும் தேதிகளும் அந்தக் காலத்து விதிகளின்படி உள்ளவை.

பின்னணி

அவர் எம்.காம். படித்தவர். 2016 ஜூலையில் அந்த நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்டாகச் சேர்ந்தார். அப்போது வேலை என்பது பில் பதிவதுதான். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று வெளியில் கொடுத்துச் செய்யும் ஒவ்வொரு ஜாப் ஒர்க் பில்லும் கட்டுக்கட்டாக வரும். அவற்றைச் சரிபார்த்து டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றி, வவுச்சர் நம்பர் எழுதி ஃபைலில் போட வேண்டும். முழுக் கணக்கையும் பார்த்தவர் வேறு ஒருவர், அங்கே பல வருஷம் இருந்தவர்.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. அந்தப் பெரியவர் இரண்டு மாதம் பார்த்துவிட்டு, இந்த வயதில் தன்னால் இது ஆகாது என்று சொல்லி நின்றுவிட்டார். செப்டம்பரிலிருந்து மொத்தக் கணக்குப் புத்தகமும் இவர் கைக்கு வந்தது. பதவியும் அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் என்று மாறியது. 2019 ஏப்ரலில் சம்பள உயர்வு கேட்டபோது முதலாளி கொஞ்சம் பணமும், கூடவே அக்கவுண்ட்ஸ் மேனேஜர் என்ற பட்டமும் கொடுத்தார். பேங்குக்கும், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் வரும்போதும் நீட்டுவதற்கு விசிட்டிங் கார்டும் அடித்துக் கொடுத்தார். வேலை மட்டும் 2017 செப்டம்பரில் இருந்ததுதான்.

நம் ஊர்ச் சிறு நிறுவனங்களில் பட்டம் பல நேரம் சம்பளத்துக்கு ஈடாகக் கிடைப்பது. அதில் யாருடைய தவறும் இல்லை. ஆனால் இந்தக் கோப்பின் சிக்கல் முழுக்க அங்கிருந்துதான் தொடங்கியது.

எண் முறை சுருக்கமாக

கனடா தன் நாட்டில் உள்ள எல்லா வேலைகளையும் தேசியத் தொழில் வகைப்பாடு என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. எல்லோரும் என்.ஓ.சி. என்றே சொல்கிறோம். 2021 பதிப்பில் 516 தொழில் பிரிவுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து இலக்க எண். முதல் இலக்கம் துறையைச் சொல்லும். வணிகம், நிதி, நிர்வாகம் என்றால் 1. இரண்டாவது இலக்கம் டீர் எனப்படும் நிலை. 0 என்றால் மேலாண்மை, அப்புறம் 1 முதல் 5 வரை. கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விரும்புகிறவர்களைப் புள்ளி வரிசைப்படி அழைக்கும் முறைக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்று பெயர். அதில் வெளிநாட்டு அனுபவத்தோடு கூட்டாட்சித் திறன் தொழிலாளராக விண்ணப்பிக்க டீர் 0, 1, 2, 3 ஆகியவற்றில் ஒன்று வேண்டும். 4-ம் 5-ம் செல்லாது.

2022 நவம்பர் 16 வரை குடிவரவுக்குப் பழைய நான்கு இலக்க எண்கள்தான் புழங்கின. அன்றிலிருந்து புதிய பதிப்பு. விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்புக்காகக் காத்திருந்தவர்கள் எல்லோரும், எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பதிந்து வைத்த தங்கள் ப்ரொஃபைலில் புது எண்ணைப் போட வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் மேலே ஒரு முன்னுரை வாசகம் இருக்கும். அதன் கீழே உதாரணப் பதவிகள், முக்கியக் கடமைகள், வேலைக்கு வேண்டிய தகுதிகள், சேராத வேலைகள் என்று வரிசையாக வரும். விதி இதுதான்: அந்த முன்னுரை வாசகம் சொல்வதை விண்ணப்பதாரர் செய்திருக்க வேண்டும். முக்கியக் கடமைகளில் இன்றியமையாதவை எல்லாவற்றையும், மற்றவற்றில் கணிசமானதையும் செய்திருக்க வேண்டும். பதவிப் பெயர் ஒத்துப்போக வேண்டும் என்று எங்கேயும் இல்லை. மக்கள் முதலில் பார்ப்பது உதாரணப் பதவிகளின் பட்டியலை. அதிகாரி படிப்பது கடமைகளை.

முதல் ப்ரொஃபைல்

2022 செப்டம்பரில், ஊரில் ஒரு ஏஜென்ட் மூலம் ப்ரொஃபைல் போட்டிருந்தார். ஏஜென்டுக்கு உரிமம் இல்லை. "மேனேஜர்னா ஜீரோதான் மேடம். ஜீரோ இருந்தா சீக்கிரம் கூப்பிடுவாங்க" என்று சொல்லி 0111 போட்டுக் கொடுத்திருந்தார். பழைய பதிப்பில் அது நிதி மேலாளருக்கான எண். 2016 ஜூலை முதல் ஆறு வருஷம் முழுவதும் அந்த ஒரே எண்ணின் கீழ் இருந்தது.

நவம்பரில் எண் மாறியதும் ஏஜென்ட் 10010 போடச் சொன்னார். கனடாவில் மிசிசாகாவில் இருந்த அக்கா வீட்டுக்காரர் மட்டும் சந்தேகப்பட்டு, யாராவது உரிமம் உள்ளவரிடம் ஒரு தடவை காட்டு என்று சொல்லியிருக்கிறார். ஜனவரி கடைசியில் இவர் வீடியோ அழைப்பில் எங்களிடம் பேசினார்.

நாங்கள் பார்த்தவை

வேலை அனுபவத்தைக் காட்டக் கையில் இருந்த கடிதங்களை முதலில் கேட்டோம். இரண்டு இருந்தன.

ஒன்று முதலாளி தானாகவே எழுதிக் கொடுத்தது. என்.ஓ.சி.க்கு ஒரு லெட்டர் வேண்டும் என்று இவர் கேட்டிருக்கிறார். நம் ஊரில் என்.ஓ.சி. என்றால் ஆட்சேபணையின்மைச் சான்றிதழ். அவர் அதையே கொடுத்துவிட்டார். "இந்தா அம்மிணி, நீ கனடா போறதுக்கு எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைன்னு எழுதிட்டேன்" என்று சொன்னாராம். நல்ல மனசோடு கொடுத்த கடிதம். அதில் சேர்ந்த தேதி, நன்னடத்தை, ஆட்சேபணை இல்லை என்ற வரி, கையெழுத்து, சீல் எல்லாம் இருந்தன. என்ன வேலை பார்த்தார் என்று ஒரு சொல்கூட இல்லை.

இன்னொன்று ஏஜென்ட் டைப் அடித்து, கையெழுத்துக்காக வைத்திருந்தது. 10010 பக்கத்தில் உள்ள கடமைகள் ஒரு கமா மாறாமல் அப்படியே இருந்தன. நிதி, கணக்குத் துறைகளைத் திட்டமிட்டு, இயக்கி, மதிப்பிடுகிறார். நிறுவனத்தின் நிதிக் கொள்கைகளை வகுத்துச் செயல்படுத்துகிறார் என்றெல்லாம். ஆண்டுச் சம்பளம் 6,00,000 ரூபாய். முதலாளி அதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம்.

இந்த இரண்டையும் வைத்து எந்த எண் சரி, எது தவறு என்று சொல்ல முடியாது. அவரிடமே கேட்டாலும், "எல்லாமே நான்தாங்க பார்க்கறேன்" என்பார். அதில் பொய் இல்லை. ஆனால் எல்லாமே என்பதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஒரு மாத நாட்குறிப்பு

என்.ஓ.சி. பக்கத்தை அவருக்கு அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தோம். அதைப் படித்துவிட்டால் மனசு தானாக அந்தச் சொற்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பதில், டேலியின் டே புக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜனவரி மாதம் எந்த நாளில் என்ன செய்தீர்கள் என்று தமிழிலேயே எழுதி அனுப்பச் சொன்னோம். பதினோரு பக்கம் வந்தது. அதிலிருந்து சில வரிகள்:

"2-ம் தேதி: மூணு பேங்க் ஸ்டேட்மென்ட்டும் டேலியோட ஒத்துப் பார்த்தேன். ஒண்ணுல 1,180 ரூபா இடிச்சுது. பேங்க் சார்ஜ். என்ட்ரி போட்டேன்."

"5: சாயப்பட்டறை பில்லுல 412 கிலோ. நம்ம டி.சி.யில (டெலிவரி சலான்) 398. 14 கிலோ வித்தியாசம். பில்ல நிறுத்தி வெச்சேன். ஓனர்கிட்ட கேட்டு டெபிட் நோட் போட்டேன்."

"7: டி.டி.எஸ். கட்டினேன். 11: ஜி.எஸ்.டி.ஆர்-1. 15: பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20: ஜி.எஸ்.டி.ஆர்-3பி."

"சனிக்கிழமை: வாரச் சம்பளப் பட்டியல் போட்டு, கேஷ் எண்ணி, கவர் போட்டு சூப்பர்வைசர்கிட்ட கொடுத்தோம். ராத்திரி ஒன்பது ஆச்சு."

"28: டிசம்பர் வரைக்கும் ட்ரையல் பேலன்ஸ் எடுத்து ஆடிட்டர் ஆபீஸுக்கு அனுப்பினேன். ரெண்டு லெட்ஜர் பேர் மாத்தச் சொன்னாங்க, மாத்தினேன்."

இந்தப் பதினோரு பக்கத்தை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து படித்தேன். "ஓனர்கிட்ட கேட்டு" என்ற சொற்கள் பதினேழு இடத்தில் வந்தன. "ஆடிட்டர் சொன்னபடி" ஆறு இடத்தில். எண்ணைத் தீர்மானிக்க எனக்கு உதவியது இந்த இரண்டு தொடர்கள்தான்.

எண்ணைத் தேர்ந்த விதம்

ஐந்து எண்களை வரிசையாக எடுத்துப் பார்த்தோம்.

10010, நிதி மேலாளர். முன்னுரை வாசகமே நிதித் துறையைத் திட்டமிட்டு இயக்குவது பற்றியும் நிதிக் கொள்கையை உருவாக்குவது பற்றியும் பேசுகிறது. இங்கே எந்தப் பில்லுக்கு எப்போது பணம், எந்த பையருக்கு எத்தனை நாள் கடன், பேக்கிங் கிரெடிட் என்ற ஏற்றுமதிக் கடன் எவ்வளவு வாங்குவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்தவர் முதலாளி. பதினேழு இடத்தில் அவரைக் கேட்டுத்தான் வேலை நடந்திருக்கிறது. முதல் வாசகத்திலேயே இது நின்றுவிடுகிறது.

11100, தணிக்கையாளரும் கணக்காளரும். இதில்தான் எங்களுக்குள் விவாதம் நடந்தது. எம்.காம். படித்திருக்கிறார், கணக்கு முழுவதையும் தெரிந்தவர், ஏன் கணக்காளர் என்று போடக் கூடாது என்று எங்கள் ஆலோசகரே கேட்டார். கனடாவில் இந்த வேலைக்குக் கேட்கிற தொழில்முறைத் தகுதி இவரிடம் இல்லையே என்றால், அது தடை இல்லை. திறன் தொழிலாளர் விதி, தகுதிகள் என்ற பகுதியைக் கேட்பதில்லை, செய்த வேலையைத்தான் கேட்கிறது. ஆனால் கணக்கு முறையை வடிவமைத்து நிர்வகிப்பது, நிதிநிலை அறிக்கைகளை அலசி ஆலோசனை சொல்வது ஆகியவை அந்தப் பக்கத்தின் உயிர். இங்கே அவற்றைச் செய்தது ஆடிட்டர் அலுவலகம். லெட்ஜர் பெயர்கூட அவர்கள் சொல்லித்தான் மாறியது.

12011, நிதி அலுவலக ஊழியர்களின் மேற்பார்வையாளர். இவருக்குக் கீழே இரண்டு பேர் இருந்தார்கள் என்பதால் எடுத்துப் பார்த்தோம். நாட்குறிப்பில் மேற்பார்வை சனிக்கிழமைச் சம்பளத்தன்றும் அங்கங்கேயும்தான் வருகிறது. சீக்கிரமே விட்டுவிட்டோம்.

14200, கணக்குப் பிரிவு எழுத்தர். டீர் 4. பில், இன்வாய்ஸ், வரவு செலவுகளை ஏற்கெனவே வகுத்த முறைப்படி பதிவது இதன் வேலை. இதற்கும் அடுத்ததற்கும் நடுவில்தான் இந்தக் கோப்பின் வாழ்வும் சாவும் இருந்தது. எழுத்தர் என்று அதிகாரி முடிவு செய்தால் விண்ணப்பமே தகுதி இழக்கும்.

12200, கணக்கியல் டெக்னீஷியனும் புக்கீப்பரும். டீர் 2. ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களை முழுமையாகப் பராமரிப்பது முன்னுரை வாசகம். ஜர்னல் பதிவு, கணக்குகளை ஒத்துப் பார்ப்பது, ட்ரையல் பேலன்ஸ், பொதுப் பேரேடு, சம்பளமும் வரியும் கட்டுவது, ஓய்வூதியப் பங்களிப்பு உள்ளிட்ட அரசுப் படிவங்களைச் சமர்ப்பிப்பது ஆகியவை கடமைகள். 7, 11, 15, 20 என்று நாட்குறிப்பில் வரிசையாக வந்த தேதிகள் ஒவ்வொன்றும் இங்கே ஒரு கடமையில் போய்ப் பொருந்தின.

ஆக 12200. ஆனால் 2017 செப்டம்பரிலிருந்து மட்டும். அதற்கு முந்தைய பதினான்கு மாதம் பில் பதிந்த வேலை. அது நேர்மையாகப் பார்த்தால் 14200. அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினோம்.

புள்ளிகளில் என்ன ஆனது

இதை அவருக்கு விளக்கியபோது எண்களோடு விளக்கினோம். யாரை அழைப்பது என்று தீர்மானிக்கும் சி.ஆர்.எஸ். புள்ளி முறையில் வெளிநாட்டு அனுபவத்துக்கு டீர் 0-க்கு ஒரு மதிப்பெண், டீர் 2-க்கு வேறு மதிப்பெண் என்று கிடையாது. மூன்று வருஷமும் அதற்கு மேலும் இருந்தால் உச்சம். அவருக்கு அது எப்படியும் கிடைக்கும். வயது 110, முதுகலை 135, ஆங்கிலம் 127, படிப்பையும் அனுபவத்தையும் மொழியோடு சேர்த்துப் பார்க்கும் பகுதியில் 100, அக்கா கனடாவில் இருப்பதால் 15. மொத்தம் 487. 10010 போட்டாலும் 487, 12200 போட்டாலும் 487.

பதினான்கு மாதத்தைக் கழித்ததால், திறன் தொழிலாளர் தகுதிக்கென்று தனியாக உள்ள 100 புள்ளிக் கணக்கில் மட்டும் அனுபவத்துக்கு 15 என்பது 13 ஆனது. மொத்தம் 79 இருந்தது 77 ஆயிற்று. வேண்டியது 67.

உயர்ந்த எண்ணால் அவருக்கு ஒரு புள்ளிகூடக் கூடுதலாகக் கிடைத்திருக்காது. ஆனால் தவறான தகவல் கொடுத்தார் என்று முடிவானால் ஐந்து வருஷத் தடை. இதைச் சொல்லாமல் அந்த ஏஜென்ட் பணம் வாங்கியதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அவருடைய தயக்கம்

எல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அப்போ நான் மேனேஜர் இல்லைங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நாங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். வீட்டில் முதல் பட்டதாரி. விசிட்டிங் கார்டு வந்த அன்று அவருடைய அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாராம். புக்கீப்பர் என்ற சொல் அவர் காதில் பதவி இறக்கமாக விழுந்தது. கடிதத்தில் பதவி அக்கவுண்ட்ஸ் மேனேஜர் என்றே இருக்கும், அதை யாரும் எடுக்கவில்லை, எண் மட்டும் வேலையைச் சொல்லும் என்று விளக்கினோம். பதவிப் பெயரை மாற்றி எழுதினால்தான் பொய்யாகும். மறுநாள் சம்மதம் சொன்னார்.

கடிதம்

பிப்ரவரி முழுக்கக் கடிதத்துக்கே போனது. அதில் இருந்தாக வேண்டியவை தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கின்றன: நிறுவனத்தின் லெட்டர்ஹெட், தொடர்பு விவரம், மேலதிகாரியின் பெயரும் பதவியும் கையெழுத்தும், ஒவ்வொரு பதவியின் தேதிகளும், கடமைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் இதர பலன்களும்.

கடமைகளை நாட்குறிப்பிலிருந்து எடுத்தோம். என்.ஓ.சி. பக்கத்தின் சொற்களைத் தொடவில்லை. அப்படியே பார்த்து எழுதிய கடிதம் எங்கிருந்து வந்தது என்பது அந்தப் பக்கத்தைத் தினமும் படிக்கிற அதிகாரிக்குத் தெரியாமல் போகாது. உதாரணமாக, கணக்குகளை ஒத்துப் பார்க்கிறார் என்று பொதுவாக எழுதாமல், மூன்று வங்கிக் கணக்குகளையும் மாதந்தோறும் பேரேட்டோடு ஒத்துப் பார்த்து, வித்தியாசங்களைக் கண்டுபிடித்துப் பதிவு செய்கிறார் என்று எழுதினோம். ஜாப் ஒர்க் பில்களின் எடையை டெலிவரி சலானோடு சரிபார்ப்பதும் இருந்தது. முடிவுகள் முதலாளியின் ஒப்புதலோடு என்பதையும், இறுதி அறிக்கை ஆடிட்டர் கையில் என்பதையும் மறைக்காமல் எழுதினோம். அந்த வரிகள் நம் பக்கத்தை பலவீனமாக்கும் என்று அவர் பயந்தார். 10010 போட்டிருந்தால் பலவீனமாக்கியிருக்கும். 12200-க்கு அவை துணைதான்.

சம்பளத்தில் ஒரு முடிச்சு இருந்தது. பேங்கில் மாதம் 24,000 ரூபாய் வருகிறது. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். ஆக வருஷத்துக்கு 3,12,000. ஏஜென்டின் கடிதத்தில் 6,00,000. பி.எஃப். பாஸ்புக்கிலோ மாதம் 15,000 என்று இருந்தது. மூன்று இடத்தில் மூன்று தொகை. பி.எஃப்.-க்குச் சட்டப்படியான ஊதிய வரம்பு அப்போது 15,000 என்பதால் நிறுவனம் அந்த அளவுக்கே கட்டியிருக்கிறது. இந்தியாவில் இது சகஜம், ஆனால் கனடாவில் கோப்பைப் படிக்கிற அதிகாரிக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. கடிதத்தில் 3,12,000 என்று உண்மையை எழுதி, பி.எஃப். கணக்குக்கு ஒரு வரி விளக்கமும் சேர்த்தோம். பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வருமான வரிக் கணக்கும் அந்தத் தொகையோடு ஒத்துப்போயின.

முதலாளி முதலில் தயங்கினார். இரண்டு பக்கக் கடிதம் எதற்கு, ஏதாவது வம்பு வருமா என்று யோசித்தார். இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய், ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துச் சொல்லியிருக்கிறார். "இதெல்லாம் நீ செய்யறதுதானே, இதுல நான் மறைக்க என்ன இருக்குது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படித்துக் காட்டும்படி நாங்கள்தான் சொல்லியிருந்தோம். அது எவ்வளவு பெரிய உதவியாக இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.

அழைப்பும் சமர்ப்பிப்பும்

மார்ச் முதல் வாரத்தில் ப்ரொஃபைலைத் திருத்தினோம். மார்ச் 23 சுற்றில் 484 புள்ளி வரை உள்ளவர்களை அழைத்தார்கள். இவருக்கு அழைப்பு வந்தது. எண்ணை முன்கூட்டியே திருத்தியதன் அருமை அன்று தெரிந்தது. அழைப்பு வந்தபின் 60 நாள்தான் கிடைக்கும். அதற்குள் எண்ணையும் மாற்றி, கடிதத்தையும் புதிதாக வாங்குவது என்றால் நடந்திருக்காது. ஆகஸ்டில் அவருக்கு 30 வயது. அழைப்பைத் தவறவிட்டு மறுபடி காத்திருந்தால் வயதுக்கான புள்ளியில் 5 குறைந்திருக்கும்.

மே நடுவில் சமர்ப்பித்தோம். கூடவே ஒரு விளக்கக் கடிதமும் வைத்தோம்: பழைய ப்ரொஃபைலில் எண் வேறாக இருந்தது ஏன், பதவிப் பெயருக்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் என்ன, முதல் பதினான்கு மாதம் ஏன் தனியாக இருக்கிறது என்று அரைப் பக்கத்தில்.

சரிபார்ப்பு

மருத்துவப் பரிசோதனை, பயோமெட்ரிக்ஸ் எல்லாம் வழக்கம்போல முடிந்தன. செப்டம்பரில் விசா அலுவலகத்திலிருந்து நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது. இந்தக் கடிதம் நீங்கள் கொடுத்ததா, இவர் உங்களிடம் அன்றாடம் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டு. லெட்டர்ஹெட்டில் இருந்தது யாரும் அதிகம் திறக்காத பழைய முகவரி. ஒன்பது நாள் ஸ்பேமில் கிடந்தது. வேறொரு மெயிலைத் தேடியபோது தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது.

முதலாளி இவரைக் கூப்பிட, இவர் எங்களைக் கூப்பிட்டார். பதிலை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டோம். கேள்வி முதலாளிக்கு வந்தது. தெரிந்ததை அவர் தன் சொல்லில் எழுதுவதுதான் சரி. நான்கு வரி எழுதினார். கணக்குப் புத்தகம் முழுக்க இவர்தான் பார்க்கிறார், பேங்க், ஜி.எஸ்.டி., பி.எஃப்., வாரச் சம்பளம் எல்லாம் இவர் கையில், பணம் கொடுப்பதை நான் முடிவு செய்வேன், வருஷக் கணக்கை ஆடிட்டர் முடிப்பார். அவ்வளவுதான். கடிதத்தில் இருந்ததும் அதுவேதான். ஏஜென்டின் கடிதம் போயிருந்து, அதற்கு இந்த நான்கு வரி பதிலாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. மனுஷர் உண்மையைச் சொல்லியே அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தைக் கெடுத்திருப்பார்.

2024 ஜனவரியில் ஒப்புதல் வந்தது. மார்ச்சில் வந்து இறங்கினார். இப்போது மிசிசாகாவில் ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தில் வேலை.

இனி மாற்றிச் செய்வது

மின்னஞ்சல் விஷயத்தில் தவறு எங்களுடையது. லெட்டர்ஹெட்டில் உள்ள முகவரியையும் தொலைபேசி எண்ணையும் யார் பார்க்கிறார்கள் என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். இப்போது கடிதம் கையெழுத்தாகும் முன்பே அந்த முகவரிக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கிறோம்.

பதவிப் பெயர் பற்றிய பேச்சையும் முதல் நாளே தொடங்கிவிடுகிறோம். எண்ணைத் தீர்மானித்த பிறகு வந்து சொன்னதால்தான் அது அவருக்கு அடியாக விழுந்தது.

ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒரு சிறு கடிதம் வாங்கியிருக்கலாம். ட்ரையல் பேலன்ஸ் வரை இவர் தயாரித்து அனுப்புவார் என்று அவர்கள் இரண்டு வரி எழுதியிருந்தால், எழுத்தர் இல்லை புக்கீப்பர் என்பதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி கிடைத்திருக்கும். முதலாளி நிறுவனத்தை மூடியிருந்தாலோ, கடிதம் தர மறுத்திருந்தாலோ, அந்த இரண்டு வரியும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கூட வேலை பார்த்தவரின் பிரமாணப் பத்திரமும்தான் கையில் இருந்திருக்கும்.

ஒரு மாத நாட்குறிப்பை இப்போது எல்லோரிடமும் கேட்கிறோம். தமிழில், கையால் எழுதி போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி. பதவி என்ன என்று கேட்பது அதைப் படித்த பிறகுதான்.